ப்ரெட்னிசலோன் அசிடேட் 1% கண் சொட்டு மருந்து: டர்பனிலிருந்து ஒரு மதிப்புரை

கண்ணின் உட்புற அழற்சிக்கு எழுதித் தரப்படும் ஸ்டீராய்டு சொட்டு மருந்துகளில் ப்ரெட்னிசலோன் அசிடேட் 1 சதவீதம் என்ற மருந்தை, நோய் திரும்பும் போதெல்லாம் பயன்படுத்தி வருபவள் என்ற முறையில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். ப்ரெட் ஃபோர்ட் என்ற வணிகப் பெயரில் பலருக்கு இது அறிமுகமாகியிருக்கும். அதே மூலப்பொருளைக் கொண்ட வேறு பெயர் மருந்துகளும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் நம்மவர் வீடுகளில் மருந்துப் பெட்டியைத் திறந்தால், யாருக்கோ எப்போதோ கொடுக்கப்பட்ட கண் சொட்டு மருந்தின் பாதி காலியான குப்பி ஒன்று பெரும்பாலும் கிடக்கும். ஆகவே மருந்தின் சிறப்பை மட்டும் சொல்லி நிறுத்தாமல், அதைக் கையாளும் முறையையும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. என் முடிவை முதலிலேயே தெரிவித்துவிடுகிறேன். வலியைத் தணிப்பதிலும் பார்வையைக் காப்பதிலும் இதைவிட நம்பகமான சொட்டு மருந்தை நான் பயன்படுத்தியதில்லை. ஆனால் இதைத் தொடங்கும் நாளையும் நிறுத்தும் நாளையும் கண்ணைக் கருவி கொண்டு பார்த்த மருத்துவரே தீர்மானிக்க வேண்டும், நோயாளி தீர்மானிக்கக் கூடாது.

எனக்கு இருப்பது யுவைடிஸ் என்னும் நோயின் முன்பக்க வகை. கண் பாப்பாவைச் சுற்றியுள்ள நிறப் பகுதியான ஐரிஸும் அதை ஒட்டிய திசுவும் அழற்சியுறும்போது, கருவிழியின் ஓரத்தைச் சுற்றி அடர்ந்த சிவப்பு வளையம் தோன்றும், வெளிச்சத்தைப் பார்க்க முடியாது, கண்ணுக்குள் ஆழத்தில் ஒரு மந்தமான வலி நிலைத்து நிற்கும், பார்வை மங்கும். பீளை தள்ளி, இமைகள் ஒட்டிக்கொண்டு, வீட்டில் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவும் தொற்றுக் கண்வலி இதிலிருந்து முற்றிலும் வேறானது. யுவைடிஸ் பிறருக்குத் தொற்றுவதில்லை, பீளையும் பெரும்பாலும் இராது. டர்பன் கடற்கரைச் சாலையில் காலை வெயில் தண்ணீரில் பட்டுத் தெறிக்கும்போது ஒரு கண்ணை மட்டும் திறக்கவே முடியாமல் போனால், அது வெறும் கூச்சமாக இருக்கலாம் என்று விட்டுவிடாமல் அன்றைக்கே கண்ணைக் காட்டிவிடுவது நல்லது.

இந்த அழற்சி ஏன் அவசரமானது என்பதைப் புரிந்துகொண்டால்தான் மருந்தின் அருமை புரியும். அழற்சியின்போது ஐரிஸின் இரத்தக் குழாய்களிலிருந்து புரதமும் வெள்ளணுக்களும் கண்ணின் முன்னறையில் உள்ள நீரில் கசிகின்றன. அந்தப் புரதம் பசைபோல் செயல்பட்டு, ஐரிஸின் பின்புறத்தை லென்ஸோடு ஒட்டவைத்துவிடுகிறது. ஒட்டிய இடங்களில் பாப்பா விரிய முடியாமல் கோணலாகிவிடும்; சுற்றிலும் ஒட்டிக்கொண்டால் கண்ணுக்குள் நீர் ஓடும் வழி அடைபட்டு அழுத்தம் திடீரென்று ஏறும். மருத்துவர் ஸ்லிட் லேம்ப் கருவியில் கண்ணைப் பார்க்கும்போது, ஒரு மில்லிமீட்டர் சதுர ஒளிக்கற்றைக்குள் எத்தனை அணுக்கள் மிதக்கின்றன என்பதை எண்ணித்தான் அழற்சியின் அளவைக் குறிக்கிறார். 6 முதல் 15 வரை இருந்தால் ஒன்று, 16 முதல் 25 வரை இரண்டு, 26 முதல் 50 வரை மூன்று, அதற்கு மேல் நான்கு என்பது 2005-இல் வெளியான பன்னாட்டு வரையறை. எத்தனை மணிக்கு ஒரு முறை சொட்டு விட வேண்டும் என்பது இந்த எண்ணைப் பொறுத்தே அமைகிறது. கண்ணாடியில் பார்த்துச் சிவப்பு குறைந்துவிட்டதாக நாம் மகிழும் வேளையிலும் உள்ளே அணுக்கள் மிதந்துகொண்டிருக்கலாம். அவற்றை வெறுங்கண்ணால் காண வழியில்லை.

மருந்தின் செயல்திறனுக்கு நான் முழு மதிப்பெண் தருகிறேன். இந்த வகை ஸ்டீராய்டுகளுக்கு முன்னோடியான கார்ட்டிசோன் என்ற ஹார்மோனின் பயனைக் கண்டறிந்ததற்காக 1950-இல் கெண்டல், ரைக்ஸ்டைன், ஹென்ச் ஆகிய மூவருக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அளிக்கப்பட்டது; கண் மருத்துவர்களும் ஏறத்தாழ அதே காலத்தில் அதைக் கண்ணில் பயன்படுத்தத் தொடங்கிவிட்டனர். அதற்கு முன் யுவைடிஸ் வந்தவர்கள் பார்வையைக் காத்துக்கொள்ள எவ்வளவு குறைந்த வழிகளை வைத்திருந்தார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால், இன்று மருந்துக் கடையில் கைக்கு வரும் இந்தச் சிறு குப்பியின் மேல் மரியாதை பிறக்கிறது. ப்ரெட்னிசலோனின் அசிடேட் வடிவம் கருவிழியைக் கடந்து முன்னறைக்குள் நன்றாக ஊடுருவக்கூடியது. முன்பக்க யுவைடிஸுக்கு மருத்துவர்கள் முதலில் இதை நாடுவதற்குக் காரணம் இதுதான். மணிக்கு ஒரு முறை என்று தொடங்கினால், என் அனுபவத்தில் வலி சில நாட்களிலேயே கணிசமாகக் குறைந்துவிடும். கூடவே பாப்பாவை விரித்து வைக்கும் சைக்ளோபென்டோலேட் அல்லது அட்ரோபின் சொட்டும் தரப்படும். அது ஐரிஸ் ஒட்டாமல் காப்பதோடு, தசை இறுக்கத்தால் வரும் வலியையும் போக்கும். ஆனால் அந்தச் சொட்டை விட்டபின் கிட்டப் பார்வை தெளியாது, வெளிச்சம் கூசும். அந்நாட்களில் வாகனம் ஓட்ட வேண்டாம்.

குப்பியைப் பற்றிச் சொல்கிறேன். இது கரைசல் மருந்து அன்று. நுண்துகள்கள் நீரில் மிதக்கும் பால் நிறத் திரவம். நிற்க வைத்தால் துகள்கள் அடியில் படிந்துவிடும். குலுக்காமல் விட்டால் முதல் நாட்களில் மருந்தில்லாத நீரும், குப்பியின் அடிப்பகுதிக்கு வரும்போது அளவுக்கு மிஞ்சிய மருந்தும் கண்ணுக்குள் போகும். ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்க வேண்டும் என்பதை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு, வயதானவர்கள் பலர் சொட்டு மருந்து எல்லாமே ஒன்றுதான் என்று எண்ணிக் குலுக்காமல் விடுவதைப் பார்த்திருப்பதே காரணம். 5 மில்லிலிட்டர் குப்பியில் ஏறத்தாழ 100 சொட்டுகள் இருக்கும். விழித்திருக்கும் 16 மணி நேரமும் மணிக்கு ஒரு சொட்டு என்றால், ஒரு கண்ணுக்கு ஆறு நாள் வரும். இரு கண்களுக்கும் என்றால் மூன்றே நாள், அதிலும் கன்னத்தில் வழிவதைக் கழித்தால் இன்னும் குறைவு. வெள்ளிக்கிழமை மாலையில் குப்பி காலியாகி, மருத்துவரின் அறை திங்கட்கிழமை வரை மூடியிருக்கும் நிலை வராதபடி, தொடக்கத்திலேயே இரண்டு குப்பிகளுக்குச் சீட்டு கேட்டு வாங்கிவிடுங்கள்.

சொட்டு விடும் முறையில்தான் மருந்தின் பாதிப் பயன் அடங்கியிருக்கிறது. கண்ணின் மேற்பரப்பில் தங்கும் கண்ணீரின் அளவு ஏழு மைக்ரோலிட்டர் அளவுதான். கீழிமைக் குழி தாங்கக்கூடியது சுமார் 30 மைக்ரோலிட்டர். குப்பியிலிருந்து விழும் ஒரே சொட்டு இதைவிடப் பெரியது. ஆகவே இரண்டு சொட்டு விட்டால் இரட்டிப்புப் பலன் என்று நினைப்பதற்கு இடமே இல்லை. கையைக் கழுவி, தலையைச் சாய்த்து, கீழிமையை மெல்ல இழுத்து, குப்பியின் முனை இமையையோ இமைமயிரையோ தொடாமல் ஒரு சொட்டு விட வேண்டும். பிறகு கண்ணை இறுக்காமல் மூடிக்கொண்டு, மூக்கை ஒட்டிய கண்ணின் ஓரத்தை விரல் நுனியால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால், மருந்து கண்ணீர்க் குழாய் வழியே மூக்குக்கும் தொண்டைக்கும் ஓடிப் போகாமல் கண்ணிலேயே தங்கும். சொட்டு விட்டபின் தொண்டையில் கசப்பு தெரிகிறது என்றால், மருந்து போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை என்று பொருள். வேறொரு சொட்டு மருந்தும் இருந்தால் இடையில் ஐந்து நிமிடமாவது விட வேண்டும். இதில் கலந்துள்ள பென்சல்கோனியம் குளோரைடு என்ற பாதுகாப்புப் பொருளை மென்மையான காண்டாக்ட் லென்ஸ் உறிஞ்சிக்கொள்ளும். அழற்சி உள்ள காலத்தில் லென்ஸ் அணியவே கூடாது என்பதுதான் பொதுவான அறிவுரை.

தென்னாப்பிரிக்காவில் இதை வாங்கும் முறையைப் பற்றி எனக்குக் குறை எதுவும் இல்லை. ஸ்டீராய்டு கண் சொட்டு மருந்துகள் இங்கு அட்டவணை 4-இல் வருகின்றன. பெட்டியின் மேல் எஸ்4 என்ற கட்டம் அச்சிடப்பட்டிருக்கும். மருத்துவர் சீட்டு இல்லாமல் மருந்தாளர் தரக் கூடாது. சில உறவினர்களுக்கு இது வீண் தொல்லையாகத் தோன்றுகிறது. எனக்கு இது நம் கண்ணுக்குப் போடப்பட்ட வேலியாகவே தோன்றுகிறது. சீட்டில் மருத்துவர் குறிப்பிட்டிருந்தால் ஆறு மாதம் வரை மீண்டும் மருந்து வாங்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அந்த அனுமதி இருக்கிறது என்பதற்காக, நோய் ஆறிய பின்னும் இரண்டாவது குப்பியை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்வது சரியன்று. விலையைப் பொறுத்தவரை, 2004 முதல் தனியார் துறையில் ஒவ்வொரு மருந்துக்கும் ஒரே வெளியீட்டு விலை என்ற ஏற்பாடு நடைமுறையில் உள்ளது. கடைக்குக் கடை மாறுவது மருந்தாளரின் வழங்கு கட்டணம் மட்டுமே. மலிவான மாற்றுப் பெயர் மருந்து இருந்தால் அதைத் தெரிவிப்பதும் மருந்தாளரின் கடமை. நான் இரண்டு வகைகளையும் பயன்படுத்தியிருக்கிறேன்; நன்றாகக் குலுக்கினால் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. மருத்துவக் காப்பீடு இல்லாதவர்கள் அரசு மருத்துவ நிலையத்திலிருந்து பரிந்துரை பெற்று, டர்பனில் ஓவர்போர்ட் பகுதியில் உள்ள மெக்கார்ட் மாகாணக் கண் மருத்துவமனை போன்ற இடத்துக்குப் போகலாம். காத்திருக்க நேரும், ஆனால் கண்ணைக் காட்டாமல் கடை கடையாய் அலைந்து சொட்டு மருந்து கேட்பதைவிட அந்தக் காத்திருப்பு மேலானது.

இனி, இந்த மருந்தினால் வரக்கூடிய கேடுகளில் முதன்மையானதைச் சொல்கிறேன். சிவந்த கண் எல்லாமே ஸ்டீராய்டுக்கு உரிய கண் ஆகாது. வாயோரத்தில் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்ப்பீஸ் வைரஸ் கருவிழியையும் தாக்கும். அப்போதும் கண் சிவக்கும், கூசும், வலிக்கும், நீர் வடியும். சாதாரணமாகப் பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. மஞ்சள் நிற ஃப்ளோரசீன் சாயத்தை இட்டு நீல ஒளியில் பார்த்தால்தான் கருவிழியின் மேல் மரக்கிளைபோல் படர்ந்த புண் பச்சையாய் ஒளிரும். அந்தக் கண்ணில் ஸ்டீராய்டு மட்டும் விழுந்தால் வைரஸுக்குத் தடையே இல்லாமல் போய், புண் விரிந்து, கருவிழியில் நிரந்தரத் தழும்பு விழக்கூடும். பூஞ்சையால் வரும் கருவிழிப் புண்ணுக்கும் இதே கதிதான். தோட்ட வேலையில் இலையோ குச்சியோ கண்ணில் பட்டபின் வரும் சிவப்பு இந்த வகையைச் சேர்ந்ததாக இருக்கக்கூடும். எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா, மகனுக்கு யுவைடிஸ் வந்தபோது மிஞ்சிய சொட்டைத் தன் கண்ணில் விட்டுக்கொண்டார். முதல் இரண்டு நாள் சிவப்பு குறைந்து ஆறுதலாக இருந்ததாம். அந்த ஆறுதல்தான் அவரை ஏமாற்றியது. கண் மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தபோது ஹெர்ப்பீஸ் புண் கருவிழியின் நடுவுக்கு வந்துவிட்டிருந்தது. இன்று அந்தக் கண்ணால் அவருக்கு எழுத்துகள் தெளிவாகத் தெரிவதில்லை. ஸ்டீராய்டு சிவப்பைப் பெரும்பாலும் குறைத்துவிடும், காரணத்தை ஆற்றும்போதும் குறைக்கும், காரணத்தை வளர்க்கும்போதும் குறைக்கும். சிவப்பு குறைந்தது என்பதை வைத்து மருந்து சரியானதுதான் என்று முடிவு கட்டவே முடியாது.

ஆன்டிபயாட்டிக்கும் ஸ்டீராய்டும் கலந்த சொட்டு மருந்துகளை இங்கே தனியாகக் குறிப்பிட வேண்டும். டோப்ராமைசினோடு அல்லது நியோமைசினோடு டெக்ஸாமெத்தசோன் கலந்த குப்பிகளை நம் வீடுகளில் பலர் “கண் ஆன்டிபயாட்டிக்” என்றே சொல்கிறார்கள். டெக்ஸாமெத்தசோன் வலிமையான ஸ்டீராய்டு. உள்ளடக்கப் பட்டியலில் டெக்ஸாமெத்தசோன், ப்ரெட்னிசலோன், பீட்டாமெத்தசோன், ஃப்ளோரோமெத்தலோன், லோட்டெப்ரெட்னால் ஆகிய பெயர்களில் எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு மருந்துதான் என்பதைக் குடும்பத்தில் ஒருவராவது அறிந்து வைத்திருக்க வேண்டும்.

அடுத்தது கண் அழுத்தம். கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேறும் சல்லடை போன்ற திசுவில் ஸ்டீராய்டு சில மாற்றங்களை உண்டாக்கி வடிகாலைக் குறைக்கிறது. ஊறுவது நிற்காததால் அழுத்தம் ஏறுகிறது. வழக்கமான அழுத்தம் 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை. வலிமையான ஸ்டீராய்டு சொட்டை நான்கு முதல் ஆறு வாரம் தொடர்ந்து விட்டால் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு அழுத்தம் ஓரளவு ஏறும், நூற்றில் ஐந்து பேர் அளவில் மிக அதிகமாக ஏறும் என்பது நெடுங்காலமாக அறியப்பட்ட செய்தி. ஏற்கெனவே கிளாக்கோமா என்னும் கண் அழுத்த நோய் உள்ளவர்கள், பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ அந்நோய் இருப்பவர்கள், அதிகக் கிட்டப்பார்வை உடையவர்கள், சர்க்கரை நோயாளிகள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். நம் சமூகத்தில் சர்க்கரை நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை; அந்த விவரத்தைக் கண் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லிவிட வேண்டும். குழந்தைகளுக்கு அழுத்தம் பெரியவர்களைவிட விரைவாக ஏறக்கூடும். இதில் கொடுமை என்னவென்றால், இப்படி ஏறும் அழுத்தம் வலிக்காது, உறுத்தாது, நேராகப் பார்க்கும் பார்வையைத் தொடக்கத்தில் மங்கச் செய்யாது. ஓரப் பார்வையைத்தான் மெல்ல மெல்ல எடுத்துக்கொள்ளும், எடுத்துக்கொண்டதைத் திருப்பித் தராது.

பத்து நாளோ அதற்கு மேலோ இந்த மருந்தைப் பயன்படுத்துவோருக்குக் கண் அழுத்தத்தை அளந்து வர வேண்டும் என்று மருந்தோடு வரும் தகவல் தாளே சொல்கிறது. அளப்பது எளிது: மருத்துவர் மரத்துப்போகும் சொட்டு விட்டு நீல ஒளி முனையால் தொட்டு அளப்பார், பேரங்காடியில் உள்ள கண் பரிசோதகர்கள் காற்றை ஊதி அளக்கும் கருவியை வைத்திருப்பார்கள். நான் ஒவ்வொரு முறையும் அந்த எண்ணைக் கேட்டு, தேதியோடு ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கிறேன். மருத்துவர் மாறினாலும் ஊர் மாறினாலும், இந்த ஸ்டீராய்டுக்கு என் கண் எப்படி நடந்துகொள்கிறது என்பதை அந்தக் குறிப்பேடு சொல்லும். இன்னொன்றையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். யுவைடிஸ் நோயாளிக்கு அழுத்தம் ஏறினால், அதற்கு மருந்து காரணமாக இருக்கலாம், அழற்சியே வடிகாலை அடைத்திருக்கலாம், அல்லது அழற்சியால் ஓய்ந்திருந்த நீர்ச் சுரப்பு குணமாகும்போது மீண்டும் இயங்கத் தொடங்கியிருக்கலாம். அழற்சி காரணமாக இருந்தால் ஸ்டீராய்டைக் குறைக்காமல் கூட்ட வேண்டியும் வரலாம். அழுத்தம் ஏறிவிட்டது என்று கேள்விப்பட்ட பயத்தில் நாமே சொட்டை நிறுத்திவிட்டால், இரண்டு நோயையும் ஒருங்கே வளர்த்தவர்களாவோம்.

நீண்ட காலப் பயன்பாட்டினால் கண்ணுக்குள் உள்ள லென்ஸின் பின்புறத்தில் கண்புரை வரக்கூடும்; நடு அச்சிலேயே விழுவதால் சிறியதாக இருக்கும்போதே படிப்பதையும், எதிர்வரும் விளக்கொளியில் ஓட்டுவதையும் கெடுக்கும். இதை அறுவை சிகிச்சையால் சரி செய்யலாம், கிளாக்கோமா பறித்த பார்வையை அப்படிச் சரி செய்ய முடியாது. ஒவ்வாமையால் ஓயாமல் கண்ணைக் கசக்கும் பிள்ளைகளுக்கு, அரிப்பு அடங்குகிறது என்பதற்காக ஸ்டீராய்டு சொட்டை மாதக் கணக்கில் விட்டுவரும் பெற்றோர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அரிப்புக்கு ஸ்டீராய்டு இல்லாத ஒவ்வாமைச் சொட்டுகள் இருக்கின்றன. கடுமையான நிலையில் மட்டும், குறுகிய காலத்துக்கு, மருத்துவர் மேற்பார்வையில் ஸ்டீராய்டு தரப்படுவதுண்டு.

நிறுத்தும் முறைக்கு வருகிறேன். எல்லாப் பயனர்களும் தடுமாறும் இடம் இதுதான். மணிக்கு ஒன்று என்று தொடங்கிய மருந்தை, அணுக்கள் குறைவதைப் பார்த்துப் பார்த்து, நாளுக்கு ஆறு, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று படிப்படியாகக் குறைப்பது வழக்கம். ஒவ்வொரு படிக்கும் ஒரு வாரம் அளவில் வைத்தால் மொத்தம் ஆறு வாரம் வரை ஆகும். இது பொதுவான போக்கு. உங்கள் கண்ணுக்கு உரிய அட்டவணை மருத்துவர் எழுதியதுதான். வலி போனதும் நிறுத்திவிட்டால் அடங்கியிருந்த அழற்சி முன்னைவிட வேகமாகத் திரும்பும், மீண்டும் மணிக்கு ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும், ஆக மொத்தத்தில் கண்ணுக்குள் போகும் ஸ்டீராய்டும் கூடும். பக்கவிளைவுக்குப் பயந்து இடையில் நிறுத்துபவர்கள் முடிவில் அதிக மருந்தையே பயன்படுத்துகிறார்கள். நான் மருத்துவர் சொல்லும் குறைப்பு அட்டவணையை நாட்காட்டியில் எழுதி, கைப்பேசியில் மணி வைத்துக்கொள்கிறேன். புரட்டாசி விரதத்திலும் தைப்பூசக் காவடி விரதத்திலும் மருந்தைத் தள்ளிப் போடும் பழக்கம் சிலரிடம் உண்டு. கண்ணில் விடும் சொட்டு உணவாகாது. கோயிலில் கற்பூரப் புகைக்கு நடுவே நின்றாலும், நேரம் வந்ததும் ஓரமாக வந்து கையைக் கழுவிச் சொட்டு விட்டுக்கொள்வதில் விரதத்துக்குப் பங்கம் எதுவும் இல்லை.

மருந்து அழற்சியை அடக்குகிறதே தவிர, அழற்சி ஏன் வந்தது என்பதற்கு விடை தருவதில்லை. திடீரென்று வரும் முன்பக்க யுவைடிஸில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு எச்.எல்.ஏ.-பி27 என்ற மரபுக்கூறு இருக்கிறது. அவர்களில் சிலருக்குக் காலையில் முதுகு விறைத்துக்கொள்ளும் மூட்டு நோயும் இருக்கும். காசநோயும் எச்.ஐ.வி. தொற்றும் மிகுந்த தென்னாப்பிரிக்காவில், காசநோய், மேகநோய் (சிஃபிலிஸ்), எச்.ஐ.வி. ஆகியவற்றுக்கான பரிசோதனைகளை மருத்துவர் கேட்டால் அதில் வெட்கப்படவோ கோபப்படவோ எதுவுமில்லை. இவை யுவைடிஸை உண்டாக்கக்கூடியவை. இவற்றுக்கு உரிய மருந்தைத் தராமல் சொட்டு மட்டும் விட்டுக்கொண்டிருந்தால் நோய் உள்ளே வளரும். நெற்றியிலும் மூக்கின் நுனியிலும் அக்கி கிளம்பி அதே பக்கத்துக் கண் சிவந்தால், அது அன்றைக்கே காட்ட வேண்டிய கண்.

மற்ற ஸ்டீராய்டு சொட்டுகளோடு ஒப்பிட்டால், டெக்ஸாமெத்தசோன் 0.1 சதவீதம் வலிமையில் இதற்கு நிகரானது, அழுத்தத்தை ஏற்றுவதிலும் சளைத்ததன்று. ஃப்ளோரோமெத்தலோனும் லோட்டெப்ரெட்னாலும் அழுத்தத்தைக் குறைவாக ஏற்றுபவை. கண்ணின் மேற்பரப்பு அழற்சிக்கும் ஒவ்வாமைக்கும் பொருத்தமானவை. ஆனால் என்னைப் போன்றோரின் கடும் உட்புற அழற்சியை அடக்க அவற்றின் வலிமை பெரும்பாலும் போதாது. அழுத்தம் எளிதில் ஏறும் கண்ணுக்கு எது தகும் என்பது மருத்துவர் எடைபோட வேண்டிய விஷயம்.

குறை என்று நான் சொல்லக்கூடியவை சிறியவைதாம். சொட்டு விட்டதும் லேசாக எரியும், சில நிமிடம் பார்வை மங்கும். வெள்ளைப் படிவு இமைமயிரில் காய்ந்து ஒட்டும், ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும். மருந்துத் தாளின் எழுத்து மிகச் சிறியது. கண் மங்கியிருக்கும் நோயாளி படிக்க வேண்டிய தாளை இவ்வளவு பொடி எழுத்தில் அச்சிடுவதை நான் மனமார ஆட்சேபிக்கிறேன். 25 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டிய மருந்து என்பதால், டர்பன் கோடையில் வண்டியின் முன்பெட்டியில் விட்டுவிட்டுப் போகக் கூடாது, உறையவைக்கவும் கூடாது. அழற்சி உள்ள கண்ணில் தாய்ப்பால், பன்னீர், நந்தியாவட்டைப் பூச்சாறு ஆகியவற்றை விடுவதை, அன்போடு சொல்லும் பாட்டிமார்களின் மனம் நோகாமல் மறுத்துவிடுங்கள்; ஸ்டீராய்டு விழுந்த கண்ணுக்குக் கிருமியை எதிர்க்கும் சக்தி குறைந்திருக்கும்.

மருந்தைத் தொடங்கியபின் வலி கூடினாலோ, பார்வை திடீரென்று மங்கினாலோ, பீளை வடியத் தொடங்கினாலோ, விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரிந்து தலைவலியும் குமட்டலும் வந்தாலோ, அடுத்த சந்திப்பு நாளுக்குக் காத்திராமல் உடனே போக வேண்டும். கருவுற்றிருப்பவர்களும் பாலூட்டுபவர்களும் சீட்டு எழுதும்போதே அதைத் தெரிவித்துவிட வேண்டும். குப்பியைத் திறந்த நாளில் அதன் மேல் தேதியை எழுதுங்கள். 28 நாளுக்குப் பின் உள்ளே எவ்வளவு மீதி இருந்தாலும் அது பயன்படாது. சொட்டு நின்றபின் அணுக்களையும் அழுத்தத்தையும் ஒருமுறை பார்ப்பதற்காக மருத்துவர் தரும் கடைசிச் சந்திப்பை, கண் நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். அந்தச் சந்திப்பு முடிந்ததும் மிஞ்சிய குப்பியை மருந்துக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதை முறைப்படி அழிக்கும் பொறுப்பை அவர்கள் ஏற்பார்கள்.